சிற்றுயிர்களுக்கு ஒரு சிறிய கேமரா: ஒலிம்பஸ் டஃப் டி.ஜி.-6

கடலுக்கடியில் விரல் நகத்தின் அளவே இருக்கும் உயிர்களைப் படமெடுக்க விரும்பும் ஸ்கூபா நீச்சல்காரர் ஒருவர் முதல் கேமராவாக எதை வாங்கலாம் என்று கேட்டால், ஒலிம்பஸ் டஃப் டி.ஜி.-6 என்ற கையடக்கக் கேமராவையே இன்றும் தயங்காமல் பரிந்துரைப்பேன். இது 2019-இல் வெளிவந்தது. அதன்பின் ஒலிம்பஸின் கேமராப் பிரிவு 2021 தொடக்கத்தில் ஓ.எம். டிஜிட்டல் சொல்யூஷன்ஸ் என்ற தனி நிறுவனத்தின் கைக்குப் போனது. அந்த நிறுவனம் 2023-இல் டி.ஜி.-7 என்ற அடுத்த கேமராவையும் கொண்டுவந்தது. லென்ஸும் சென்சாரும் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றே என்பதால், படத்தின் தரத்தைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் இரண்டுக்கும் பொருந்தும். மிக அருகில் சென்று படமெடுக்கும் கேமரா என்றுதான் இதைப் பலரும் புகழ்கிறார்கள். நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பின் என் கருத்து சற்று வேறு: உயிரை மோதிவிடும் அளவுக்கு நெருங்காமல், அதன் போக்கில் அதை விட்டுவிட்டு, சற்றுத் தள்ளியிருந்தபடியே படமெடுக்க இடம் கொடுப்பதுதான் இந்தக் கேமராவின் தனிச்சிறப்பு.

விவரக்குறிப்பை மட்டும் படிப்பவருக்கு இந்தக் கேமரா ஏமாற்றமாகவே தெரியும். 12 மெகாபிக்சல், 1/2.3 அங்குலச் சென்சார், 25 முதல் 100 மில்லிமீட்டருக்கு நிகரான நான்கு மடங்கு ஜூம், ஒளி நுழையும் துவாரம் எஃப் 2.0-இல் தொடங்கி ஜூமின் கடைசியில் எஃப் 4.9 ஆகச் சுருங்கும் லென்ஸ் ஆகிய இவற்றில் எதுவும் இன்றைய அளவுகோலில் பெரிதல்ல. ஆனால் சிற்றுயிர்ப் படத்தில் பெரிய சென்சார் தரும் முதல் தொல்லை, ஃபோகஸ் ஆகும் பரப்பு மயிரிழை அளவுக்குக் குறுகிவிடுவதுதான். நூடிபிராங்க் எனப்படும் ஓடில்லாக் கடல்நத்தை ஒன்றைப் பெரிய கேமராவில் எடுக்கும்போது, தலையில் நிற்கும் இரண்டு உணர்கொம்புகள் தெளிவாக விழுந்தால் முதுகில் மலர்போல் விரியும் செவுள்கள் கலங்கிவிடும். இரண்டும் தெளிய வேண்டுமானால் லென்ஸின் துவாரத்தை மிகவும் சுருக்கி, அதனால் இழக்கும் ஒளியை ஈடுகட்ட வலிமையான ஃபிளாஷைச் சேர்க்க வேண்டும். டி.ஜி.-6-இன் சென்சார், பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிம் சட்டகத்தின் அளவுள்ள முழுச்சட்டகச் சென்சாரை விட, மூலைவிட்ட அளவில் ஏறத்தாழ ஐந்தரை மடங்கு சிறியது. ஆகவே ஜூமின் கடைசியில் எஃப் 4.9 என்ற துவாரமே, தெளிவின் ஆழத்தைப் பொறுத்தவரை, முழுச்சட்டகக் கேமராவில் எஃப் 27 தருவதற்கு நிகராகிறது. பொதுவாகக் குறையாக எண்ணப்படும் சிறிய சென்சார் இந்த ஒரு துறையில் தொடக்கநிலையாளருக்குப் பெரிய உதவியாகிறது.

இதற்கும் மேலான காரணம், மைக்ரோஸ்கோப் என்ற பெயரில் கேமராவின் சுழல்குமிழில் தனி இடம் பெற்றிருக்கும் நெருக்கப் பதிவுமுறை. லென்ஸின் முகப்பிலிருந்து 1 சென்டிமீட்டர் தொடங்கி 30 சென்டிமீட்டர் வரை இந்த முறையில் ஃபோகஸ் ஆகும். கையடக்கக் கேமராக்களில் நெருங்கி ஃபோகஸ் செய்யக்கூடியவை வேறும் உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றில் அது அகலக் கோணத்தில் மட்டுமே இயலும், ஜூம் செய்தவுடன் குறைந்தபட்ச தூரம் கூடிவிடும். டி.ஜி.-6 ஜூமின் முழு நீளத்திலும் அந்த 1 சென்டிமீட்டரை விட்டுக்கொடுப்பதில்லை. ஜூமின் கடைசியில் லென்ஸை ஒட்டி வைத்தால் சில மில்லிமீட்டர் அகலமே உள்ள பரப்பு சட்டகத்தை நிறைக்கிறது. இதைத் தரையில் சோதித்துப் பார்த்து வியப்பவர்கள், நீருக்குள்ளும் அதே வியப்பைத் தேடிக் கேமராவை உயிரின் முகத்தில் கொண்டுபோய் ஒட்டுகிறார்கள். அங்கேதான் படம் கெடுகிறது. ஒரு சென்டிமீட்டர் தொலைவில் கேமராவின் நிழலே உயிரின் மேல் விழுகிறது. வெளியிலிருந்து வரும் எந்த ஒளிக்கும் நுழைய வழி இருப்பதில்லை. பாறைப் பொந்திலிருந்து தலை நீட்டிய பிளென்னி மீன் பின்வாங்கிவிடுகிறது. கிறிஸ்துமஸ் மரப் புழு தன் சுருள் கிளைகளை நொடியில் உள்ளிழுத்துக்கொள்கிறது. அதே முறையில் ஜூமை முழுவதும் நீட்டிவிட்டு, ஒரு சாண் தூரம் தள்ளியிருந்து எடுத்தால், சட்டகம் போதிய அளவு நிறையும், ஒளிக்கு வழி கிடைக்கும், உயிரும் தன் வேலையைத் தொடரும். தட்டையான கண்ணாடிக்குப் பின்னாலிருந்து நீருக்குள் பார்க்கும்போது பொருள்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிவதால், தரையில் கிடைக்கும் உருப்பெருக்கத்தை விடச் சற்றுக் கூடுதலாகவே நீரில் கிடைக்கிறது. இந்தக் கேமராவுக்காகத் தனியே நெருக்க லென்ஸ் வாங்க வேண்டிய தேவை எனக்கு இதுவரை தோன்றியதில்லை.

குட்டைக் கடற்குதிரையைப் படமெடுக்கும் இடத்தில் இந்த இயல்பின் அருமை நன்றாக விளங்கும். ஹிப்போகாம்பஸ் பார்ஜிபான்டி என்ற இனம் 2.5 சென்டிமீட்டருக்கும் குறைவான உயரமே உடையது. மூரிசெல்லா வகைக் கடல் விசிறிகள் எனப்படும் விசிறி வடிவப் பவளங்களின் மேல் மட்டும் வாழ்வது. அவற்றின் மொட்டுகளைப் போலவே உடலெங்கும் புடைப்புகள் கொண்டது. 1969-இல் நியூ கலிடோனியாவில் ஜார்ஜ் பார்ஜிபான் என்பவர் சேகரித்து வந்த கடல் விசிறியில் ஒட்டியிருந்ததைத் தற்செயலாகக் கவனித்ததால்தான் இப்படியோர் உயிர் இருப்பதே அறிவியலுக்குத் தெரியவந்தது. மறு ஆண்டு அவர் பெயரையே அதற்கு இட்டார்கள். கடலுக்குள் இதைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு என்றால், படமெடுப்பது அதைவிடப் பெரும்பாடு, ஏனெனில் நெருங்குபவருக்கு அது முதுகைத் திருப்பிக்கொள்கிறது. அந்த நேரத்தில் விசிறியின் கிளையைத் திருப்பியோ குச்சியால் தொட்டோ முகத்தைத் தம் பக்கம் கொண்டுவருகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். இதில் எனக்குச் சமரசமே கிடையாது. அப்படி எடுத்த படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அது பாராட்டுக்கு உரியதன்று. கடற்குதிரை உள்ளிட்ட அடித்தரை மீன்களை வைத்து நடந்து, 2019-இல் சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் வெளியான ஓர் ஆய்வு, ஃபிளாஷ் ஒளியை விட நீச்சல்காரர் தொட்டும் நகர்த்தியும் தரும் தொல்லைதான் அவற்றின் நடத்தையை மிகுதியாகக் குலைக்கிறது என்று காட்டியது. ஃபிளாஷை எண்ணிக்கையின்றி அடிக்கலாம் என்பது இதற்குப் பொருளாகாது. கையை அடக்கிக்கொள்வது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதைச் சான்றாகவே கொள்கிறேன். முழு ஜூமில் தள்ளியிருந்து காத்திருக்க விடும் கேமரா இருக்கும்போது தொட வேண்டிய தேவையே எழுவதில்லை.

இனி ஒளி. டி.ஜி.-6-ஐ வாங்கிய பலர் சில முறை நீருக்குள் இறங்கிய பின் சோர்ந்துபோவது ஒளியின் காரணமாகத்தான் என்பதால், இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீர் சூரிய ஒளியின் சிவப்பைத்தான் முதலில் விழுங்குகிறது. ஐந்து மீட்டர் ஆழத்திலேயே சிவப்பு பெருமளவு மங்கிவிடும், பத்து மீட்டருக்குக் கீழே ஏறக்குறைய இல்லாமலே போகும். கேமராவில் குறை ஆழம், நடு ஆழம், பேராழம் என்று நிறச் சாய்வைச் சரிசெய்யும் நீருக்கடி வெண்சமநிலை அமைப்புகள் மூன்று தனித்தனியே இருக்கின்றன. அவை இருக்கும் நிறத்தை நகர்த்திக் கொடுக்கும், இல்லாத நிறத்தைப் படைத்துத் தராது. மீன் கூட்டத்துக்கோ பவளப்பாறைத் தோட்டத்துக்கோ அவை உதவும். ஊதாவும் ஆரஞ்சும் ஒரே உடலில் கலந்திருக்கும் கடல்நத்தைக்கு, ஒளியை நாமே கொண்டுசெல்ல வேண்டும்.

கேமராவிலேயே ஒரு ஃபிளாஷ் இருக்கிறது. அது லென்ஸுக்கு மிக அருகில் அமைந்திருப்பதால், லென்ஸுக்கும் உயிருக்கும் இடையில் மிதக்கும் துகள்கள் அனைத்தின் மீதும் நேராகப் பட்டுத் திரும்பி, படம் முழுவதும் வெண்புள்ளிகளைத் தூவிவிடுகிறது. நீர்காப்பு உறைக்குள் வைத்துவிட்டால் உறையின் முகப்பே அந்த ஒளியில் ஒரு பகுதியை மறைத்துவிடும். ஒளியைப் பரவச் செய்யும் தகடு இதைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், தீர்க்காது. தீர்வு, ஒளியைக் கேமராவை விட்டு விலக்குவது. கண்ணாடி இழைக் கம்பியால் உள் ஃபிளாஷின் மின்னலைக் கடத்தி இயங்கும் ஒரு வெளி ஃபிளாஷையோ, தொடர்ந்து எரியும் ஒரு வீடியோ விளக்கையோ கைத்தாங்கியில் பொருத்தி, உயிருக்குச் சற்று மேலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ விழச் செய்தால், துகள்கள் இருளிலேயே தங்கிவிடும். உயிரின் தோலில் உள்ள மேடுபள்ளங்கள் உருப்பெறும். இரண்டில் எது என்று கேட்டால், முதலில் விளக்கையே வாங்குங்கள் என்பேன். ஒளி எங்கே விழுகிறது என்பது படமெடுப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிவதால் கற்றுக்கொள்வது எளிது, ஃபோகஸுக்கும் அதே ஒளி உதவும், வீடியோவுக்கும் ஆகும். கையடக்க விளக்குகள் பெரும்பாலும் ஃபிளாஷின் வலிமையை எட்டாதவை என்பதும், நீண்ட நேரம் முகத்தில் அடிக்கும் ஒளியைப் பல உயிர்கள் பொறுப்பதில்லை என்பதும் அதன் எல்லைகள். பழகிய பின் வெளி ஃபிளாஷுக்கு மாறும்போதுதான் இந்தக் கேமராவின் உண்மையான தெளிவு எவ்வளவு என்பது புலப்படும். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வெளிச்ச ஈட்டுக் குமிழைக் கழித்தல் பக்கம் திருப்பிச் சூழல் ஒளியைக் குறைத்து, ஃபிளாஷால் உயிரை மட்டும் ஒளிரவிட்டால், பின்னணி கறுத்து, கண்ணாடி இறாலின் உடலுக்குள் ஓடும் கோடுகள்கூடத் தனித்துத் தெரிகின்றன. ஃபிளாஷின் முகத்தில் கூம்பு வடிவ ஸ்னூட்டை மாட்டி ஒளியைச் சிறு வட்டமாகக் குவிக்கும் உத்தியும் உண்டு. அது அழகானதுதான், ஆனால் அசையும் உயிரின் மேல் அந்த வட்டத்தை நிறுத்துவதற்கு மிகுந்த பயிற்சி வேண்டும்.

தானியங்கி ஃபோகஸ், ஒளி இருக்கும் வரை வேகமாகவும் நம்பகமாகவும் இயங்குகிறது. ஒளி குறைந்தால் முன்னும் பின்னும் அலைந்துவிட்டு, உயிரை விடுத்துப் பின்னால் இருக்கும் மணலையோ கடற்பஞ்சையோ பிடித்துக்கொள்கிறது. நூல்போல் மெல்லிய உடல் கொண்ட எலும்புக்கூட்டு இறால்களில் இது அடிக்கடி நேர்கிறது. அத்தகைய நேரங்களில் கைமுறை ஃபோகஸில் ஒரு தூரத்தை நிலைநிறுத்திவிட்டு, உடலை மிக மெதுவாக முன்னும் பின்னும் அசைத்து, தெளிவான விளிம்புகளைத் திரையில் நிறமிட்டுக் காட்டும் வசதியைப் பார்த்துக்கொண்டு ஷட்டரை அழுத்துவதே எனக்கு ஒத்துவருகிறது. இரவு நீச்சலில் சிவப்பு விளக்கு ஒன்று கூடவே இருப்பது நல்லது. இறால்களும் பல மீன்களும் சிவப்பு ஒளியை அவ்வளவாக உணர்வதில்லை என்பதால் அவை கலையாமல் ஃபோகஸ் செய்துகொள்ளலாம். ஃபோகஸை மாற்றி மாற்றிப் பல படங்களை எடுத்து ஒன்றாக அடுக்கும் வசதி இந்தக் கேமராவின் விளம்பரங்களில் பெரிதாகப் பேசப்படுவது; தரையில் பூச்சிகளுக்கும் பூக்களுக்கும் அது அருமையானது. நீரோட்டத்தில் நீச்சல்காரரும் அசைந்து, விசிறியும் அசைந்து, உயிரும் அசையும் இடத்தில் அதை நம்பி வாங்க வேண்டாம். அதைவிட எனக்குப் பயன்பட்டது, ஷட்டரை முழுவதும் அழுத்துவதற்குச் சற்று முந்தைய கணங்களையும் சேர்த்துப் பதியும் புரோ கேப்சர் வசதி. வாய்க்குள் முட்டைகளைச் சுமக்கும் ஆண் தாடை மீன், அவற்றுக்குக் காற்றோட்டம் கொடுக்க அவ்வப்போது வாயைத் திறந்து முட்டைகளைப் புரட்டும். அந்தக் கணத்தைக் கண்ட பின் விரலை அழுத்தினால் வாய் மூடியிருக்கும். விளக்கொளியில் இந்த வசதியை இட்டுக் காத்திருந்தால் அது பிடிபடுகிறது.

குறைகளைப் பூசி மெழுக விரும்பவில்லை. இதில் முழுக் கைமுறைப் பதிவு கிடையாது. ஷட்டர் வேகத்தை நாம் தீர்மானிக்க முடியாது. துவாரத்துக்கு முன்னுரிமை தரும் முறை இருந்தாலும் அதில் தேர்ந்தெடுக்கக் கிடைப்பவை மூன்று படிகளே. ஒளியமைப்பைத் தன் விருப்பப்படி ஆள நினைப்பவருக்கு இது கைகளைக் கட்டிப்போட்டதுபோல் இருக்கும். ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ. கூடக்கூடப் படத்தில் மணல் தூவியதுபோன்ற இரைச்சல் விரைவாகவே தலைகாட்டுகிறது, ஆகவே ஐ.எஸ்.ஓ.-வை முடிந்தவரை 100-ஐ ஒட்டியே கட்டிவைத்து, கேமரா பதப்படுத்தாத ரா கோப்பாகப் பதிந்து, நிறத்தைக் கரைக்கு வந்து சரிசெய்வதுதான் சரியான வழி. வெளி ஃபிளாஷை இயக்க ஒவ்வொரு முறையும் உள் ஃபிளாஷும் மின்ன வேண்டியிருப்பதால் இரண்டு படங்களுக்கு இடையே காத்திருக்க நேர்கிறது, மின்கலமும் விரைவில் தீர்கிறது. ஒரு மின்னேற்றத்துக்கு ஏறத்தாழ 340 படங்கள் என்பது நிறுவனத்தின் கணக்கு. ஃபிளாஷும் வீடியோவும் கலந்த நீருக்கடிப் பயன்பாட்டில் அதை எதிர்பார்க்க வேண்டாம், ஒவ்வொரு நீச்சலுக்கும் முழுதாக மின்னேற்றிய மின்கலத்தைப் போட்டுக்கொள்வது நலம். நல்லவேளையாக, சுழல்குமிழில் சி1, சி2 என்று இரண்டு இடங்களில் நம் அமைப்புகளைச் சேமித்துக்கொள்ளலாம். ஒன்றில் ஃபிளாஷுடன் கூடிய நெருக்கப் பதிவையும், மற்றொன்றில் சூழல் ஒளிக்கான அமைப்பையும் வைத்துவிட்டால், கையுறை அணிந்த விரல்களால் மெனுவுக்குள் துழாவ வேண்டியதில்லை.

உறையைப் பற்றி ஐயம் கொள்பவர்கள் உண்டு. கேமரா உறையின்றியே 15 மீட்டர் வரை நீரைத் தாங்கும் என்று சொல்லப்படும்போது தனியே உறை எதற்கு என்று கேட்கிறார்கள். ஸ்கூபாவுக்கு உறை கட்டாயம் வேண்டும். பொழுதுபோக்கு ஸ்கூபாவில் பொதுவாக ஏற்கப்படும் எல்லை 40 மீட்டர். இந்தக் கேமராவுக்கான பி.டி.-059 உறை 45 மீட்டருக்கு உரியது. கேமராவே நீர்புகாதது என்பதால் இங்கே இரட்டைப் பாதுகாப்பு கிடைக்கிறது: குறைந்த ஆழத்தில் உறைக்குள் கொஞ்சம் நீர் கசிந்தாலும் கேமரா பிழைத்துக்கொள்ள நல்ல வாய்ப்பு உண்டு. நீர்புகும் கேமராவை உறையில் வைத்துக் கொண்டுபோகிறவருக்கு இந்த நிம்மதி கிடையாது. அதற்காக உறையின் மூடியில் நீரைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை அலட்சியம் செய்யலாகாது. ஒரு தலைமுடியோ மணல்துகளோ அதன்மேல் கிடந்தால் போதும், நீர் நுழைந்துவிடும். ஒவ்வொரு முறையும் ஓ-ரிங்கை எடுத்து, நல்ல ஒளியில் பார்த்து, விரலால் தடவி, மெல்லியதாக சிலிகான் பசையிட்டுப் பதிக்க வேண்டும். புதிய உறையைக் கேமரா இல்லாமல் முதலில் ஆழத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும். கரையேறியதும் நன்னீரில் ஊறவைத்து, நீருக்குள்ளேயே பொத்தான்கள் எல்லாவற்றையும் பலமுறை அழுத்தி உப்பை வெளியேற்ற வேண்டும். உறையைக் குளிரூட்டிய வறண்ட அறையில் மூடுவதும், உள்ளே சிலிகா ஜெல் பையொன்றைச் செருகுவதும், கண்ணாடியில் பனி படிவதைத் தடுக்கும்.

கேமராவும் விளக்கும் கைத்தாங்கியும் சேர்ந்தாலும் இந்த அமைப்பு ஒரு கையில் அடங்குகிறது என்பதைச் சிறிய வசதியாக நான் எண்ணவில்லை. சிற்றுயிர்கள் வாழுமிடம் பெரும்பாலும் மணல் அடித்தரையோ எளிதில் ஒடியும் பவளக் கிளைகளோதான். அங்கே மிதப்பைக் கட்டுப்படுத்த இயலாதவர் துடுப்பை ஒருமுறை அடித்தாலே மணல் கிளம்பி அடுத்த பல நிமிடங்களுக்கு யாருக்கும் படமில்லாமல் போகும். பவளத்தின் மேல் முழங்கால் ஊன்றினால் பல ஆண்டு வளர்ச்சி முறியும். பெரிய கேமராவின் பல கிலோ எடையும் நீண்ட கைகளும் உடலின் சமநிலையைப் புதியவரிடமிருந்து பறித்துவிடுகின்றன. சிறிய அமைப்பானால் மூச்சிலும் மிதப்பிலும் கவனம் எஞ்சியிருக்கும். ஆயினும், கேமரா இல்லாமல் ஓர் இடத்தில் அசையாமல் மிதந்து நிற்கத் தெரியாதவர், அது கைகூடும் வரை எந்தக் கேமராவையும் கொண்டுபோகக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

இதைவிட மேலான கருவிகள் இருக்கின்றன. லென்ஸ் மாற்றக்கூடிய கேமராவில் 90 அல்லது 105 மில்லிமீட்டர் மேக்ரோ லென்ஸைப் பொருத்தி எடுக்கும் படத்தின் நுண்விவரமும், பின்னணி பனிபோல் கரையும் அழகும் டி.ஜி.-6-இல் கிடைக்காது. பெரிய அளவில் அச்சிடுபவரும், ஒளியை ஒவ்வொரு படியாகத் தானே ஆள விரும்புபவரும் ஒருநாள் அங்கே போய்த்தான் ஆக வேண்டும். கேமராவும் உறையும் முகப்புக் கண்ணாடியும் ஃபிளாஷுகளுமாக அதன் செலவு பன்மடங்கு ஆகும்; எடையும் அப்படியே. எது நூடிபிராங்க், அது எதைத் தின்கிறது, எந்தக் கடற்பஞ்சின் அடியில் தேட வேண்டும் என்பதையெல்லாம் இந்தச் சிறிய கேமராவுடன் கற்றுக்கொண்ட பின் அந்தச் செலவைச் செய்வதே பொருத்தம்.

டி.ஜி.-7 வந்துவிட்ட பின் டி.ஜி.-6-ஐ வைத்திருப்பவர் மாற வேண்டுமா என்ற கேள்விக்கு, சிற்றுயிர்ப் படங்களுக்காக மாறத் தேவையில்லை என்பதே என் விடை. யு.எஸ்.பி.-சி வழி மின்னேற்றம், செங்குத்து வீடியோ போன்ற மாற்றங்கள் வரவேற்கத்தக்கவை. அவை படத்தின் தரத்தைத் தொடுவதில்லை. புதிதாக வாங்குபவர் டி.ஜி.-7-ஐயே வாங்கலாம், அதற்கும் அதே பி.டி.-059 உறை பொருந்தும். பயன்படுத்திய டி.ஜி.-6 கிடைத்தால், மின்கல மூடியையும் இணைப்பு மூடியையும் திறந்து ரப்பர்ப் பட்டைகளில் வெடிப்போ உப்புப் படிவோ இருக்கிறதா என்று பார்த்து, நீர்காப்புப் பட்டைகளைச் சேவை மையத்தில் புதிதாக மாற்றிவிட்டு, மிச்சப்படும் பணத்தை நல்ல விளக்குக்குக் கொடுங்கள்.